டிராகன்பார்ன் பிள்ளை வளர்ப்பு: சேர்வராயன் மலையில் ஒரு குடியை உருவாக்க முழுமையான வழிகாட்டி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தில், டிராகன் உருவில் நிமிர்ந்து நடக்கும் இனம் டிராகன்பார்ன். அந்தக் கேரக்டர் எடுக்கும் புதிய பிளேயர் என்றைக்காவது ஒரு நாள் கேட்டுவிடுவார்: "இவங்களுக்குத் தொப்புள் உண்டா?" மேசையே சிரிக்கும். ஆட்டத்தை நடத்தும் டிஎம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுவார். ஆனால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் முதலைக் குஞ்சுக்கும் பாம்புக் குட்டிக்கும் வயிற்றில் ஒரு தழும்பு இருக்கும். மிச்சமிருந்த மஞ்சள் கருவை உடலுக்குள் இழுத்துக்கொண்ட இடம் அது. நாளாக நாளாக மறைந்துவிடும். ஆகவே பிறந்த குழந்தைக்குத் தொப்புள் மாதிரி ஒன்று உண்டு, பெரியவருக்கு இல்லை. சரி, அந்தத் தழும்பு ஆறும்வரை குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அதுவரை அதற்குப் பெயர் வைப்பார்களா? தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்களா?

இந்த வழிகாட்டி முழுக்க இதே முறைதான். உடலைப் பற்றி ஒரு முடிவெடுங்கள். அதிலிருந்து ஊரில் ஒரு வழக்கமோ ஒரு தகராறோ பிறக்கிறதா என்று பாருங்கள். பிறக்காவிட்டால் அந்த விவரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆட்டத்துக்குத் தேவையில்லை.

நாங்கள் சேலத்தில் விளையாடுகிறவர்கள். ஆகவே எங்கள் டிராகன் குடி இருப்பது சேர்வராயன் மலையை ஒட்டி வரைந்த ஒரு மலைநாட்டில். கீழே வெயில் கொளுத்தும் ஊர், மேலே காப்பித் தோட்டம், நடுவில் வளைந்து வளைந்து ஏறும் பாதை. உங்கள் ஊர் கடற்கரையாக இருந்தால் கடற்கரையை வைத்துக்கொள்ளுங்கள். நிலம் மாறினால் பிள்ளை வளர்ப்பும் மாறும்.

படி 1: விதிப்புத்தகம் சொல்வதை முதலில் எடுத்து வையுங்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் டிராகன்பார்ன் 2006-ல் வந்தபோது அவர்களுக்குக் குழந்தைப் பருவமே கிடையாது. வேறு இனத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், பஹாமுட் என்ற டிராகன் தெய்வத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து மறுபிறப்பாக எடுக்கும் உருவம் அது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் அவர்கள் தனி இனமானார்கள்.

2014-ன் ஐந்தாம் பதிப்பு குழந்தைகளைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். பொரிந்த சில மணி நேரத்தில் நடப்பார்கள். 3 வயதில் 10 வயது மனிதக் குழந்தையின் உருவமும் வளர்ச்சியும் வந்துவிடும். 15-ல் பெரியவர்கள். ஆயுள் ஏறத்தாழ 80. பெரியவர் ஆறடிக்கு நன்றாக மேலே, எடை சுமார் 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. வாலும் இல்லை, சிறகும் இல்லை. 2024-ன் திருத்திய விதிகளில் கேரக்டர் 5-ம் நிலையை எட்டியதிலிருந்து சிறிது நேரம் மாயச் சிறகு விரிக்கலாம், ஆனால் பிள்ளை வளர்ப்புக்கு அது உதவாது.

இவ்வளவுதான் விதி. மிச்சம் எல்லாம் உங்கள் கையில்.

படி 2: முட்டையா, குட்டியா?

ஊர்வன என்றாலே முட்டை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. நம் வயல்களில் திரியும் கண்ணாடி விரியன் குட்டிதான் போடுகிறது. குளிர்ந்த மலைப்பகுதிகளில் வாழும் பல்லி, பாம்பு இனங்களில் இப்படிக் குட்டி போடும் வழக்கம் அதிகம். வெளியே வைத்த முட்டை குளிரில் வளராது என்பதால், தாய் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வெயில் தேடிப் போகிறாள். பனிமலை டிராகன் குடி ஒன்றை உருவாக்கினால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர்தான், பனி விழும் ஊர் இல்லை. முட்டை போதும். அதோடு ஆட்டத்துக்கு முட்டைதான் வசதி. அதைத் திருடலாம், மாற்றி வைக்கலாம், அடகு வைக்கலாம்.

அளவைக் கணக்குப் போட்டுவிடுங்கள், யாராவது கேட்பார்கள். பறவைக் குஞ்சு பொரியும்போது முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பிறக்கும் குழந்தை 3 கிலோ என்றால் முட்டை நாலரைக் கிலோ. நெருப்புக்கோழி முட்டை சுமார் 1.4 கிலோ, ஆகவே அதைப்போல மூன்று மடங்கு. 113 கிலோ தாய்க்கு இது உடல் எடையில் 4 சதவீதம். நியூசிலாந்தின் கிவி பறவை தன் எடையில் 20 சதவீதம் வரும் முட்டையை இடுகிறது, அதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. தாராளமாக ஒரு அடைக்கு இரண்டு முட்டை வைக்கலாம். அப்படி வைத்தால் இந்தக் குடியில் இரட்டையர்தான் இயல்பு, தனியாகப் பொரிந்தவன் அபூர்வம். "உன் கூட்டாளி முட்டை என்னாச்சு?" என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த ஒருவன், பிளேயர் எடுத்துக்கொள்ள நல்ல கேரக்டர்.

ஆணில்லாமலே முட்டை பொரியுமா என்றால், பொரியும். கொமோடோ டிராகனில் இது நடப்பதை 2006-ல் பதிவு செய்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டுப் பூந்தொட்டி மண்ணில் மண்புழு மாதிரி நெளியும் புழுப்பாம்பு இனத்தில் எல்லாமே பெண்தான். கொமோடோவில் தாய் தனியாகப் பெறும் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே இருக்கும், அவற்றின் குரோமோசோம் அமைப்பு அப்படி. வாரிசுத் தகராறு ஒன்று வேண்டுமென்றால் இந்த ஒரு விவரம் போதும்.

படி 3: சூடு எங்கிருந்து வருகிறது?

மற்ற படிகளை அவசரமாக முடித்தாலும் இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். குடியின் வரைபடம், கட்டடம், அரசியல் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன.

முட்டைக்குச் சூடு கொடுக்க இயற்கையில் பல வழி உண்டு. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து, தசைகளை நடுக்கி நடுக்கித் தன் உடலையே சூடாக்கும். ராஜநாகம் இலைச்சருகைக் குவித்துக் கூடு கட்டும். ஆஸ்திரேலியாவின் மல்லீ என்ற தரைக்கோழி அழுகும் இலைக் குவியலில் முட்டையைப் புதைத்துவிட்டு, ஆண் பறவை தினமும் அலகை உள்ளே விட்டுச் சூடு பார்க்கும். கூடினால் மணலைக் கிளறிவிடும், குறைந்தால் மூடும். ஏறத்தாழ 33 டிகிரியில் நிறுத்தி வைத்துவிடும்.

இப்போது இதைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டு வாருங்கள். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு அதைவிட 1200 மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் கீழே 40 டிகிரி அடிக்கும்போது மேலே 30-ஐத் தொடுவதே அரிது. ஒரே குடியின் இரண்டு கிளைகள், ஒன்று மலை மேல், ஒன்று அடிவாரத்தில் இருந்தால் அவர்கள் அடைவைக்கும் முறையே வேறாகிவிடும்.

மேல்மலைக் குடிக்குச் சூடு தருவது காப்பித் தோல் குவியல். காப்பிப் பழம் பறிப்பது கார்த்திகையில் தொடங்கித் தை வரை போகும். பழத்தை உரித்த தோலை மலைபோலக் குவித்தால் அழுகும்போது உள்ளே நன்றாகச் சூடேறும். அந்தக் குவியலுக்குள் கல்லறை மாதிரி ஒரு அறை கட்டி முட்டையை வைக்கிறார்கள். தினமும் காலையில் தகப்பன் வந்து நாக்கை நீட்டிச் சூடு பார்க்கிறான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-ஐ ஒட்டி இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது நம் உலகத்து வரலாறு. உங்கள் ஆட்டத்திலும் காப்பி வெளியாள் கொண்டுவந்த பயிராக இருந்தால், "அதற்கு முன்னே நம் பாட்டிமார் எதில் அடைவைத்தார்கள்?" என்று ஒரு பழைய சடங்கைத் தேடிப் போகும் கதை கிடைக்கும்.

அடிவாரக் குடிக்குச் சூளை. சேலத்துக்கும் மலைக்கும் நடுவில் மேக்னசைட் கிடைக்கும் வெள்ளைக்கல் கரடுகள் உண்டு. அந்தக் கல்லைச் சூளையில் சுடுவார்கள். சூளைச் சுவரின் வெளிப்பக்கத்தில் மாடம் வைத்து முட்டைகளை அடுக்கினால் அடிவாரத்துக்காரர்களுக்கு வருஷம் முழுக்க அடைவைக்க முடியும். மேலே இருப்பவர்களுக்கு ஒரே பருவம்தான். ஆள்பலம் யாருக்குக் கூடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பெரிய முடிவு. முதலைகளில் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் தீர்மானிப்பதில்லை, அடைச்சூடு தீர்மானிக்கிறது. சதுப்பு முதலையில் 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் பெண், 32-ஐத் தாண்டும்போது ஆண் அதிகம், இன்னும் ஏறினால் மறுபடி பெண் கூடுகிறது. இந்தத் தீர்மானம் நடப்பது அடைக்காலத்தின் நடுப்பகுதியில். மூன்று மாத அடை, மாசியில் இட்டு வைகாசியில் பொரியும் என்று வைத்தால், நடுப்பகுதி சரியாகப் பங்குனி கடைசி, சித்திரை வெயிலில் விழும். ஒரு வருஷம் கோடைமழை தவறினால் அந்த ஆண்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பாலாகப் பொரியும். இருபது வருஷம் கழித்து அந்தத் தலைமுறைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது ஊர் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெற்றோர் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பிள்ளையின் பாலைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று வைத்தால், அது நம் ஊர்ப் பக்கத்து மேசைகளில் வெறும் கற்பனை விவரமாக நிற்காது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். உங்களோடு உட்கார்ந்து பகடை உருட்டுகிறவரின் வீட்டில் அந்தக் கதை இருக்கலாம். ஆகவே கேம்பெயின், அதாவது பல நாள் தொடரும் ஆட்டம், தொடங்கும் முன் எல்லோரையும் கேளுங்கள். இதைத் தொட வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் விட்டுவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். பாலைக் குரோமோசோமிடமே விட்டுவிட்டு, சூடு வேறொன்றைத் தீர்மானிக்கட்டும். அடைச்சூட்டைப் பொறுத்து குஞ்சின் உடல் அளவும் முரட்டுத்தனமும் மாறும் பல்லி இனங்கள் உண்மையிலேயே உண்டு. "சூளைப் பிள்ளைகள் முரடர்கள், குவியல் பிள்ளைகள் சாதுக்கள்" என்று இரண்டு கிளையும் ஒன்றை ஒன்று பழித்துக்கொள்ள அதுவே போதும்.

தொட்டுப் பேசலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால், கனமான கதை ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். சூளை மாடத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதில் தொடங்குங்கள்.

படி 4: முட்டையை மலையிலிருந்து இறக்குங்கள்

கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டிவிடும், புரட்டாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். முதலை முட்டை இதற்கு நேரெதிர். இட்ட ஒரு நாளைக்குள் கரு மேல்பக்க ஓட்டில் ஒட்டி நிற்கும், அதற்கப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். முதலைப் பண்ணையில் முட்டையைக் கூட்டிலிருந்து எடுக்கும் முன் மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போடுவது இதற்காகத்தான்.

இந்த ஒரு விவரத்தில் முழு செஷன், ஒரு நாள் ஆட்டமே இருக்கிறது. மேலே காப்பித் தோல் குவியல் மழையில் நனைந்து குளிர்ந்துவிட்டது. முட்டையைச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். மேல்பக்கம் கரியால் குறி. நாலரைக் கிலோ. சாயக் கூடாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், உங்கள் கையில் 20 முகப் பகடை, அதாவது டி20. இதைவிட வசதி வேறு எந்த மலையில் கிடைக்கும்?

செய்முறை இப்படி. இருபது வளைவுக்கும் எண் போடுங்கள். மூன்று நான்கு முறை மட்டும் டி20 உருட்டி, எந்த வளைவில் சம்பவம் என்று தீர்மானியுங்கள். காட்டெருமை பாதையை மறித்து நிற்கிறது, மூடுபனியில் பாதை ஓரம் தெரியவில்லை, குரங்குக் கூட்டம் கூடையைப் பிடித்து இழுக்கிறது, மழைக்குப் பாறை சரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முட்டையைச் சுமப்பவர் 12-க்கு எதிராக டெக்ஸ்டெரிட்டி (உடல் லாவகம்) உருட்டட்டும், 12-க்குக் குறைந்தால் தோல்வி. தோற்றால் முட்டை எவ்வளவு சாய்ந்தது என்பதை டிஎம் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அது கூமுட்டை ஆகிவிட்டதா என்று தெரிய, சில வாரம் கழித்து இருட்டறையில் விளக்குக்கு முன் முட்டையைப் பிடித்து உள்ளே ரத்த நாளம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை பிளேயர்கள் தவிக்கட்டும்.

படி 5: ஓட்டுக்குள்ளே என்ன கேட்கிறது?

முதலைக் குஞ்சுகள் பொரியும் முன்பே முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். ஒன்று கத்தினால் மற்றதும் கத்தும், தாய் வந்து கூட்டைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோவாள். ஆஸ்திரேலியாவின் ஒரு சின்னப் பறவை, நீல நிறத் தேவதைச் சிட்டு, இதையும் தாண்டிப் போகிறது. அடைகாக்கும் தாய் ஒரு குறிப்பிட்ட ஓசையை முட்டைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பொரிந்த குஞ்சு அதே ஓசையில் இரை கேட்கும். கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றும் குயில் இனக் குஞ்சுக்கு அந்த ஓசை வராது, வித்தியாசம் தெரிந்துவிடும். 2012-ல் இந்த ஆய்வு வெளியானது.

நம் குடிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தாலாட்டு பிறந்த பிள்ளைக்கு இல்லை, அடையிலிருக்கும் முட்டைக்கு. கடைசி மாதம் முழுக்க வீட்டுப் பெரியவர்கள் முறைவைத்து முட்டை அருகே உட்கார்ந்து பாடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுப் பாட்டிலும் வெளியாருக்குச் சொல்லாத ஒரு அடி இருக்கும். பொரிந்த குழந்தையின் முதல் குரல் அந்த அடியின் மெட்டில் வரும். அவ்வளவுதான், பிறப்புச் சான்றிதழ் முடிந்தது.

முட்டை திருடு போய்ப் பிற வீட்டில் பொரிந்தால்? பிள்ளை அந்நிய மெட்டில் அழும். வளர்த்தவர்கள் அதை யாருக்கும் கேட்காமல் மறைக்க வேண்டும். பதினைந்து வருஷம் கழித்து, சந்தையில் யாரோ ஒரு கிழவி முணுமுணுக்கும் பாட்டு உங்கள் பிளேயரின் கேரக்டருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: எதைக் கொடுத்து வளர்க்கிறார்கள்?

நான்காம் பதிப்பில் டிராகன்பார்ன் பெண்களுக்கு மார்பு வரைந்திருந்ததை வைத்து இன்னும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை, ஏனென்றால் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. புறா. ஆண் புறா, பெண் புறா இரண்டுக்கும் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பையில் பால் போன்ற ஒரு கொழுப்புக் குழம்பு சுரக்கும், இரண்டுமே குஞ்சுக்கு ஊட்டும். இதை எடுத்துக்கொண்டால் டிராகன் குடியில் தகப்பனும் ஊட்டுவான். இரட்டைக் குழந்தை, ஆளுக்கு ஒன்று. தகப்பன் போருக்குப் போய்விட்டால் ஒரு பிள்ளை பட்டினி. ஆகவே பொரிந்து முதல் சில மாதம் எந்தத் தகப்பனையும் படைக்கு அழைக்கக் கூடாது என்பது குடியின் சட்டம். எதிரி அந்தக் காலம் பார்த்துத்தான் தாக்குவான்.

பால் நின்றபின் பசி. 3 கிலோவில் பிறந்து 3 வயதில் 30 கிலோ என்றால் வருஷத்துக்கு 9 கிலோ. அதற்குப் பிறகு 15 வயது வரை வருஷத்துக்கு ஏழு கிலோ அளவில் ஏறிக்கொண்டே போகும். மனிதக் குழந்தைக்கு முதல் வருஷத்தில் இருக்கும் வேகம், இவர்களுக்குப் பதினைந்து வருஷமும். ராகிக் களி, சாமைச் சோறு, பலாப்பழம், கிடைத்தபோதெல்லாம் கறி. ஊரில் ஆடு காணாமல் போகிறது, ஏதோ மிருகம் இறங்கிவிட்டது என்று சாகசக்காரர்களை, அதாவது பிளேயர்களின் கேரக்டர்களை, கூலிக்கு அழைக்கிறார்கள். தடம் பிடித்துப் போய்ப் பார்த்தால் நாலு வயதுக் குழந்தை. முதல் செஷனுக்கு இதுவே போதும்.

படி 7: மூச்சு யாரிடமிருந்து வருகிறது?

இந்தப் படியில்தான் எங்கள் குடிக்கு உயிர் வந்தது.

முதலில் ஒரு கணக்கு. டிராகன்பார்ன் வாயால் நெருப்போ குளிரோ அமிலமோ கக்குவதுதான் மூச்சு ஆயுதம். 2014 விதிகளில் அதன் சேதம் 2டி6, அதாவது ஆறுமுகப் பகடை இரண்டு, சராசரி 7. சாதாரண ஊர்க்காரருக்கு உயிர்ப்புள்ளி 4. அதாவது பெரியவரின் முழு மூச்சு குழந்தைக்கு இருந்தால், ஒரு தும்மலில் பக்கத்துவீட்டுக்காரர் விழுந்துவிடுவார். ஆகவே குழந்தைக்கு மூச்சு மெல்ல மெல்லத்தான் வர வேண்டும். இயற்கையில் துணைக்கு ஒரு பூச்சி உண்டு. பீரங்கி வண்டு என்று சொல்லலாம், அது உடலில் இரண்டு ரசாயனங்களைத் தனித்தனியாகச் சேமித்து வைத்து, ஆபத்து வரும்போது கலந்து ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் பீச்சியடிக்கும். நம் குழந்தைக்கும் இரண்டு சுரப்பி. ஒன்று பிறக்கும்போதே வேலை செய்யும், மற்றது 3 வயதுக்கு மேல்தான் முதிரும். அதுவரை ஏப்பம் மட்டும் வெதுவெதுப்பாக வரும். பிறகு 7 வயதுவரை தும்மினால் 1 புள்ளிச் சேதம். அப்புறம் பயிற்சி.

இரண்டாவது கணக்கு. ஒவ்வொரு டிராகன்பார்னுக்கும் தன் மூச்சின் வகைக்கு மட்டும் தாங்கும் திறன் உண்டு, அந்தச் சேதம் பாதியாகும். 7 என்பது 3 ஆகும், 4 புள்ளிக்காரர் பிழைத்துக்கொள்வார். ஆனால் தாய் சிவப்பு டிராகன் பரம்பரை, நெருப்பு மூச்சு. தகப்பன் வெள்ளி டிராகன் பரம்பரை, குளிர் மூச்சு. பிள்ளைக்குத் தாயின் நெருப்பு வந்தால் தகப்பன் அந்தப் பிள்ளையைப் பயமில்லாமல் மடியில் வைக்க முடியாது.

இப்போது ஒரு விதி எழுதுங்கள்: மூச்சு தாய்வழியில் மட்டுமே இறங்கும். இதிலிருந்து என்ன வருகிறது? தாயின் உடன்பிறந்தவனுக்கும் அதே பாட்டியின் அதே மூச்சு. பிள்ளையின் மூச்சைத் தாங்கக்கூடிய நெருங்கிய ஆண் உறவு, எப்போதும், தவறாமல், தாய்மாமன்.

நம் வீடுகளில் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, அது முறை. இந்தக் குடியில் அந்த முறைக்கு உடலே காரணம். பிள்ளைக்கு இரண்டாம் சுரப்பி முதிர்ந்ததும் வாய்திறப்பு என்று ஒரு விசேஷம். மாமன் சீர்வரிசையோடு வருகிறான். தட்டில் பழம், துணி, வெல்லம், அதோடு நனைத்த கம்பளியும் மணல் நிரப்பிய பானையும். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, பந்தலுக்கு வெளியே திருப்பி, மூக்கில் ஒரு மிளகுப்பொடி. தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்திலே கொடி ஏறிக் காய்க்கும் மிளகுதான். தும்மல் வந்தால் ஊரே குலவை போடும்.

தாய்மாமன் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத மாமன் என்றால்? மாமன் சீரோடு வர மறுத்தால், பிள்ளையின் முதல் மூச்சை யார் தாங்குவது? சொத்துச் சண்டையில் மாமனைப் பகைத்துக்கொண்ட குடும்பம் கடைசியில் சாகசக்காரர்களில் நெருப்பைத் தாங்கக்கூடிய ஒருவரிடம் வந்து, "நீங்கதான் மாமன் முறை செய்யணும்" என்று கேட்டால், அந்த பிளேயரின் முகத்தைப் பாருங்கள். அன்றைக்குப் பகடையே தேவைப்படாது.

தகப்பன்வழி இறங்கும் என்று வைத்தாலும் சரி. அப்போது அத்தை முக்கியமாவாள், பங்காளிகள் நெருங்கி வாழ்வார்கள், வேறு மாதிரி ஊர் கிடைக்கும். இரண்டும் கலந்து எதுவேண்டுமானாலும் வரலாம் என்று மட்டும் வைக்காதீர்கள். எதுவும் வரலாம் என்றால் எந்த உறவுக்கும் பொறுப்பு வராது.

வீடு கட்டும் முறையும் இங்கிருந்தே வரும். நெருப்பு மூச்சுக் குழந்தைக்கு ஓலைக்கூரை கூடாது. மாசி, பங்குனியில் மலைச்சரிவு காய்ந்து கிடக்கும்போது காட்டுப்பக்கம் விடவே கூடாது. அமில மூச்சு என்றால் உலோகப் பாத்திரம் தங்காது, மண்சட்டியும் கல்சட்டியும்தான்.

படி 8: மூன்று வயதில் பத்து வயது உடம்பு

விதிப்படி 3 வயதில் உருவம் மட்டுமில்லை, வளர்ச்சியும் பத்து வயதுக்குரியது. புத்தி வேகம் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை பார்த்தது மூன்றே மூன்று மழைக்காலம். கணக்குப் போடத் தெரியும், பொய் சொல்கிறவனை அடையாளம் காணத் தெரியாது. நடிக்கும்போது இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் குழந்தைப் பாத்திரம் கொஞ்சுமொழி இல்லாமலே நிற்கும்.

வெளியாட்கள் கண்ணுக்கு அது பத்து வயதுப் பிள்ளை. பறிப்புக் காலத்தில் ஆள் பற்றாக்குறை. தோட்டத்துக் கங்காணி கையில் கூடையைக் கொடுத்துவிடுவான். தாய் ஓடிவந்து "மூணு வயசுப் பிள்ளைய்யா" என்றால் யார் நம்புவார்கள்? நம் நாட்டுச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. டிராகன் பிள்ளைக்கு எந்தக் கணக்கு, பொரிந்த வருஷமா, உடம்பின் வயதா? மலைநாட்டு மன்றத்தில் இந்த வழக்கை நடத்துங்கள். இரண்டு பக்கமும் வாதாட நிறைய இருக்கிறது.

15 வயதில் பெரியவர் என்ற விதியை எங்கள் மேசையில் 18 ஆக்கிவிட்டோம். இதற்கு விவாதம் வைக்கவில்லை. இணைசேர்வது பற்றிய விவரமும் மேசைக்கு வராது. மேலே சொன்ன எந்தக் கதைக்கும் அது தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

படி 9: தோல் உரிப்பு

வேகமாக வளரும் பிள்ளை அடிக்கடி தோல் உரிக்கும். பாம்புக்குச் சட்டை உரிக்கும் முன் சில நாள் கண் பால் படிந்து மங்கிவிடும், எரிச்சலாக இருக்கும். பிள்ளைக்கும் அப்படியே. அந்த நாட்களில் பள்ளி இல்லை, வேலை இல்லை, இருட்டில் உட்கார்ந்து கதை கேட்பது மட்டும். பரம்பரைக் கதைகள் எல்லாம் இந்த நாட்களில்தான் கைமாறுகின்றன. ஆட்டத்தில் தேவையென்றால் அந்நாட்களில் பெர்செப்ஷன் (கண்டு கேட்டுக் கவனிப்பது) உருட்டலுக்குப் பின்னடைவு கொடுங்கள். இதற்குமேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

படி 10: பெயரும் கேரக்டர் ஷீட்டும்

விதிப்புத்தகத்தில் டிராகன்பார்ன் குடிப்பெயரை முன்னால் வைத்து, தன் பெயரைப் பின்னால் சொல்வார்கள். ஊர்ப்பெயரையும் அப்பா பெயரையும் முன்னெழுத்தாகப் போடும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே அடையில் பொரிந்தவர்கள் தங்களுக்குள் ஒரு பட்டப்பெயர் வைத்து அழைப்பார்கள் என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பட்டப்பெயரை பிளேயரே வைக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வைக்கட்டும்.

இவ்வளவையும் எழுதி பிளேயர் கையில் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கம் போதும். அதில் விவரங்களைவிடக் கேள்விகள் அதிகம் இருக்கட்டும்: நீ பொரிந்தது குவியலிலா, சூளையிலா? உன் முதல் மூச்சைத் தாங்கியது யார்? ஓட்டுக்குள்ளிருந்து கேட்ட பாட்டில் உனக்கு நினைவிருக்கும் அடி எது? உன் கூட்டாளி முட்டை இப்போது எங்கே? பதில்களை ஷீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டிஎம் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே குடியில் இரண்டு பேர் கேரக்டர் எடுத்து, ஒருவர் சொல்லும் வழக்கம் மற்றவர் சொல்வதற்கு முரணாக வந்தால் திருத்த வேண்டாம். ஒருவரை மேல்மலைக்கும் இன்னொருவரை அடிவாரத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.